சாய்ந்த வெளிச்சம்

பினாங்கின் பாயான் லெப்பாஸில் நான் என்ன வேலை பார்த்தேன் என்பதை இலங்கையில் எங்கள் ஊரான மடுல்சீமையில் ஒருவருக்கும் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. லீவில் வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்தால் யாராவது கேட்பார்கள். "கம்பியூட்டர் வேலை" என்றால் பாதிப் பேருக்குப் போதும். சித்தப்பாவுக்குப் போதாது.

"கம்பியூட்டர்ல என்னா?"

"மவுஸ்."

"மவுஸ்ல என்னா?"

"அதுக்கு அடியில செவப்பா ஒரு வெளிச்சம் வரும்ல சித்தப்பா, அந்த வெளிச்சத்தக் கொண்டுபோயி விடுற வேலை."

கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுவிட்டு, "அப்ப கரண்டு வேலைதான்" என்று முடித்துவிடுவார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. கையில் கொடுத்தாலும் நம்பும்படியான பொருள் இல்லை அது. சிவப்பு வெளிச்சம் வரும் மவுஸ் ஒன்றைக் கவிழ்த்து, ஸ்குருவைக் கழற்றி, உள்ளே இருக்கும் பலகையைத் தூக்கினால் நிறமில்லாத ஒரு பிளாஸ்டிக் தகடு கிடைக்கும். கட்டைவிரல் அளவுதான். ஒரு பக்கம் சின்னக் குமிழாக லென்ஸ். அதை ஒட்டினாற்போல் பல கோணங்களில் சரிவாக வெட்டுப்பட்ட ஒரு கட்டை. எங்கள் பேச்சில் அது லைட் பைப். லென்ஸுக்கு ஊரில் மரியாதை உண்டு, எல்லாருக்கும் தெரியும். இந்தக் கட்டையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் சம்பளத்தில் பெரும்பங்கு அந்தக் கட்டையிலிருந்துதான் வந்தது.

மவுஸுக்குள் எல்.இ.டி. படுத்த வாக்கில் இருக்கும். அதன் வெளிச்சம் கிடையாகப் போகும். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் கீழே, மேசையில், சென்சருக்கு நேர் அடியில் உள்ள ஒரு மில்லிமீற்றர் அகல நிலம். இடையில் கண்ணாடி இல்லை, வெள்ளிப் பூச்சு இல்லை. ஒளி கட்டையின் வளைந்த முகத்தில் நுழையும்போது ஓரளவு இணைகதிராகும். சரிந்த ஒரு சுவரில் பட்டுக் கீழே திரும்பும். இன்னொரு சுவரில் பட்டு மேசைப் பக்கம் சாயும். பாலிகார்பனேட்டின் முறிவுச் சுட்டி ஏறக்குறைய 1.58. கணக்குப் போட்டால் அவதிக்கோணம் 39 பாகை வரும். அதற்கு மேல் சாய்ந்து சுவரில் படுகிற கதிர் வெளியே போக வழியில்லாமல் அப்படியே திரும்பிவிடும். உயர்தரத்தில் முழு உட்தெறிப்பு என்று படித்து, குறுங்கேள்விக்கு விடை எழுதிவிட்டு மறந்துபோன சங்கதி. பதுளையில் பௌதிகவியல் படித்தபோது இதை வைத்து ஒருவன் வயிறு வளர்க்கலாம் என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை.

மவுஸுக்கு வெளிச்சம் காட்டலாம் என்ற யோசனை 1980 வாக்கில் அமெரிக்காவில் இரண்டு இடங்களில் தனித்தனியே முளைத்தது. ஜெராக்ஸில் ரிச்சர்ட் லயன் புள்ளி அச்சிட்ட தாளின்மேல் ஓடுகிற ஒன்றைச் செய்தார். எம்.ஐ.டி.யிலிருந்த ஸ்டீவ் கிர்ஷ் கட்டம் போட்ட உலோகத் தகட்டின்மேல் ஓடுகிற ஒன்றைச் செய்து, மவுஸ் சிஸ்டம்ஸ் என்ற கம்பெனி வழியாக விற்றார். இரண்டுக்கும் சிக்கல் ஒன்றே: அதற்கென்று ஆன பாய் இல்லாவிட்டால் நகராது. பாய் தேவைப்படாத மவுஸ் வர இன்னும் இருபது வருடம் பிடித்தது. அதுவும் மவுஸைப் பற்றி யோசித்தவர்களிடமிருந்து வரவில்லை. ஹெச்.பி. ஆய்வுக்கூடத்தில் கையால் தாளின்மேல் இழுத்துக்கொண்டே போகிற ஒரு ஸ்கேனரைச் செய்துகொண்டிருந்தார்கள். கை கோணலாகத்தான் போகும். எந்தப் பக்கம் எவ்வளவு கோணிற்று என்று ஸ்கேனருக்கே தெரிந்தால்தான் எழுத்துகளைச் சேர்த்து ஒட்ட முடியும். அதற்கு அவர்கள் பிடித்த அடையாளம் தாளின் நார். வெறுங்கண்ணுக்கு வழுவழு என்று தெரிகிற வெள்ளைத்தாளும் கிட்டப்போனால் நாரும் பள்ளமுமாகக் கிடக்கும். கேரி கோர்டனும் அவர் கூட்டாளிகளும் அந்த வித்தையைத்தான் மவுஸுக்கு மாற்றினார்கள். 1999இல் மைக்ரோசாஃப்ட்டின் இன்டெலிமவுஸ் எக்ஸ்புளோரர் அந்தச் சென்சரோடு கடைக்கு வந்தது. அதே வருடம் ஹெச்.பி.யிலிருந்து பிரிந்த அஜிலென்ட் அந்தச் சென்சர் தொழிலை எடுத்துக்கொண்டது.

ஆரம்பகாலச் சென்சர் ஒன்றில் 16க்கு 16, மொத்தம் 256 புள்ளிகள். இன்றைய போன் கமராவைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு படமே இல்லை. ஆனால் வினாடிக்கு 1500 படம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே நிலம் எவ்வளவு நகர்ந்தது என்று ஒப்பிட்டுக்கொண்டே இருப்பதுதான் அதற்கு வேலை. ஒப்பிடப் படத்தில் ஏதாவது இருக்க வேண்டுமல்லவா? நேர் மேலிருந்து வெளிச்சம் போட்டால் வெள்ளைத்தாள் வெறும் வெள்ளையாகத்தான் தெரியும். 256 புள்ளியும் ஒரே பதில் சொல்லும். பக்கவாட்டில், நிலத்தை உரசுகிற மாதிரி வெளிச்சம் வந்தால் ஒவ்வொரு நாருக்கும் பின்னால் நிழல் விழும். சென்சர் பார்ப்பது அந்த நிழல்களை.

இதைத்தான் சித்தப்பாவுக்கு ஒரு தடவை சரியாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர், பிறகு மலையில் தண்ணீர் வடிகிற கான் வெட்டுக்கு மாறியவர். ஆடி ஆவணியில் ஊவாப் பக்கம் வறண்ட காற்று அடிக்கும். வானம் துடைத்து வைத்ததாக இருக்கும். ஊவாத் தேயிலைக்கு விலை கொடுக்கிற வாசனை அந்தக் காற்றில்தான் ஏறும். அந்த மாதங்களில் உச்சி வெயிலில் மலையைப் பார்த்தால் ஒரே பச்சை. கானும் தெரியாது, மேடும் தெரியாது. நாலு மணிக்கு மேல் வெயில் மேற்கே சாயும்போது அதே மலையில் ஒவ்வொரு நிரையும், ஒவ்வொரு கானும், மண் சரிந்து அடைத்த இடமும் தனித்தனியாக எழுந்து நிற்கும். சித்தப்பா மறுநாள் எங்கே வெட்ட வேண்டும் என்று பார்ப்பது அந்த நேரத்தில்தான். மத்தியானம் மலை ஏறிப் பார்த்துவிட்டு "கான் எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று எழுதிக்கொண்டு போகிற சின்னத்தொரைமார் மேல் அவருக்கு ஒரு இளக்காரம் உண்டு. "நீங்க சாயங்காலமா மலையப் பாக்குறீங்கள்ல, அந்த வெயிலத்தான் நான் மவுஸுக்குள்ள வைக்கிறேன்" என்றேன். "அப்பிடிச் சொல்லு" என்றார். அதன்பிறகு அவர் மற்றவர்களிடம் என் வேலையைச் சொன்ன விதம் வேறு. தம்பி பெனாங்குல வெயில் செய்யுறான் என்று சொல்லித் திரிந்தார்.

வெயில் செய்வதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நிழல் நன்றாக விழ வேண்டுமென்றால் வெளிச்சத்தை இன்னும் தாழ்த்த வேண்டும். தாழ்த்தத் தாழ்த்த அது நிலத்தில் படுகிற இடம் தறிகெட்டு ஓடும். மேசையிலிருந்து 20 பாகையில் வருகிற கதிரை எடுத்துக்கொள்வோம். மவுஸ் 0.1 மில்லிமீற்றர் உயர்ந்தால் வெளிச்சம் விழும் இடம் 0.27 மில்லிமீற்றர் விலகும். 10 பாகையில் வந்தால் அதே உயரத்துக்கு 0.57. சென்சர் பார்க்கிற நிலமே ஒரு மில்லிமீற்றர்தான் என்பதை நினைவில் வையுங்கள். மவுஸின் கால்களில் ஒட்டியிருக்கிற வழுக்குப் பட்டை தேயும். அடியில் தூசி சேரும். மேசை விரிப்பு மெத்தென்று இருந்தால் கால் அமுங்கும். இத்தனைக்கும் நடுவில் லென்ஸ் தகட்டுக்கும் மேசைக்கும் நடுவே 2.4 மில்லிமீற்றர், அதற்கு மேலோ கீழோ 0.1 என்று வரையறை எழுதியிருப்பார்கள். அந்த 0.1க்குள் எல்லாம் நடக்க வேண்டும். நல்ல நிழல் வேண்டும் என்கிறவனும் வெளிச்சம் இடம் மாறக்கூடாது என்கிறவனும் ஒரே ஆள்தான். அந்த ஆள் நான்.

கம்பியூட்டரில் கட்டையை வரைந்து, இலட்சக்கணக்கான கதிர்களை விட்டு, அவை எங்கே போய் விழுகின்றன என்று பார்ப்போம். இராத்திரி ஓடவிட்டுப் போனால் காலையில் மேசையில் விழுந்த வெளிச்சத்தின் படம் நிறம் நிறமாக வந்திருக்கும். முதல் படங்கள் பெரும்பாலும் அசிங்கமாகத்தான் இருக்கும். எல்.இ.டி. ஒரு புள்ளி அல்ல. உள்ளே சதுரமாக ஒரு சில்லு, அதன் தலையில் ஒரு கம்பி. கட்டை நல்ல கட்டையாக இருந்தால் அந்தக் கம்பியின் நிழலையும் நல்லபடியாகக் கொண்டுபோய் மேசையில் போட்டுவிடும். சென்சருக்கு அது நகராத நிழல். மவுஸ் ஓடினாலும் ஓடாது. ஆகையால் ஒரு முகத்தைக் கொஞ்சம் சொரசொரப்பாக்குவோம், அல்லது ஒரே சுவரைச் சின்னச் சின்னப் பட்டைகளாக உடைத்து ஒவ்வொன்றையும் ஒரு துளி திருப்பி வைப்போம். உருவம் கலைந்து வெளிச்சம் மட்டும் போகும். கூர்மையாகச் செய்யப் படித்துவிட்டு வந்தவனுக்கு மங்கலாகச் செய்யும் வேலை. அதில் எனக்கு ஒரு தனி ருசி இருந்தது.

நான் வேலை பார்த்தது பெரிய பெயர்கள் எதிலும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு ஒளியியல் துண்டு வார்த்துக் கொடுத்த ஒரு நடுத்தரக் கம்பெனி. பினாங்குத் தீவின் தெற்கே பாயான் லெப்பாஸில் ஹெச்.பி.யும் இன்டெலும் 1972இல் வந்து இறங்கியபின் அந்த வட்டாரமே இப்படிப்பட்ட கம்பெனிகளால் நிறைந்திருந்தது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலுக்குக் காவடி எடுக்கிற கூட்டத்தில் பாதி எங்கள் ஷிஃப்ட்டில் இருக்கும்.

வார்ப்புக்கூடத்தில் தரம் பார்க்கிற வேலையில் ஒரு அக்கா இருந்தார். கெடாப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர். நான் எந்த ஊர் என்று விசாரித்தார். தேயிலைத் தோட்டம் என்றதும், "எங்க பாட்டி பால்மரம் வெட்டுனவங்க தம்பி. ஒங்க ஆளுங்கள மலையில விட்டான், எங்களக் காட்டுல விட்டான்" என்று சிரித்தார். லயம், கங்காணி, பெரட்டு என்று பேசினால் விளக்கம் கேட்காத ஒரு ஆளைக் கடல் தாண்டி வந்து பார்ப்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவர் பார்க்கிற முறை எந்தக் கையேட்டிலும் இல்லை. தகட்டை விரலுறை போட்ட கையால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, மேசை விளக்குக்கு எதிரே ஒரு சுற்றுச் சுற்றுவார். சரிந்த சுவரில் யாருடைய விரலாவது பட்டிருந்தால் அந்த ரேகை மட்டும் பளிச்சென்று ஒளிரும். காரணம் எளிது. சுவருக்கு வெளியே காற்று இருக்கும்வரைதான் கதிர் முழுதாகத் திரும்பும். எண்ணெய்ப் பசை ஒட்டினால் அந்த இடத்தில் கதவு திறந்துகொள்ளும், வெளிச்சம் கசியும். கண்ணாடியில் கைபட்டால் துடைத்துக்கொள்ளலாம். இந்தச் சுவரில் பட்டால் மவுஸின் மூளையே கொஞ்சம் தடுமாறும்.

ஒரு மழைக்காலத்தில் தகடுகளில் மெல்லிய வெள்ளிக் கீற்றுகள் வரத் தொடங்கின. எங்களிடம் ஒளியை அளக்கும் கருவி இருந்தது. அது எல்லாம் வரையறைக்குள் என்றது. அக்கா ஒரு தட்டை முழுதாக ஒதுக்கி வைத்துவிட்டார். மேற்பார்வையாளருக்கு ஆத்திரம், அன்றைய கணக்கு முடியவில்லை. "மூட்ட ஈரமா இருக்கு, சார்" என்றார் அக்கா. பாலிகார்பனேட் மணிகள் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். வார்க்குமுன் 120 பாகைச் சூட்டில் மூன்று நான்கு மணிநேரம் உலர்த்தாவிட்டால் உருகும்போது அந்த ஈரம் ஆவியாகிக் கீற்றாக இழுபடும், பிளாஸ்டிக்கும் வலு இழக்கும். போய்ப் பார்த்தால் உலர்த்தியின் காற்றாடி நின்று கிடந்தது. மேலே இருந்த சூட்டு எண் மட்டும் சரியாக 120 காட்டிக்கொண்டிருந்தது. கருவி பார்த்தது வெளிச்சத்தின் மொத்த அளவை. அக்கா பார்த்தது அது போகிற வழியை. அடுத்த மாதமே அந்தச் சோதனையை மாற்றி எழுதினோம். எழுதியதில் அவர் பெயர் வராது, கையெழுத்து என்னுடையது. அதுதான் தொழிற்சாலை வழக்கம். தோட்டத்திலும் கொழுந்து எடுப்பவர் பெயர் தேயிலைப் பெட்டியில் இருப்பதில்லை.

இன்னொரு வேடிக்கை. வெளிச்சம் ஒரு துளிகூட வீணாகாமல் மேசைக்குப் போக வேண்டும் என்று நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, வாங்குகிறவர்கள் மவுஸின் பின்பக்கம் சிவப்பாக எரிய வேண்டும் என்று கேட்டார்கள். இன்டெலிமவுஸ் எக்ஸ்புளோரரின் வாலில் சிவப்பு விளக்கு இருந்ததால் வந்த வினை. சிவப்பு எரிந்தால்தான் அது 'நவீன' மவுஸ், கடையில் விலைபோகும். ஆகவே கட்டையில் ஒரு முகத்தை வேண்டுமென்றே கசியவிட்டு அந்த ஒளியைப் பின்னால் அனுப்பச் சொன்னார்கள். சென்சருக்கு ஒரு பயனும் இல்லாத வெளிச்சம். அதற்காக நான் செலவழித்த இராத்திரிகளை இப்போது நினைத்தாலும் எரிச்சல் வரும். பிறகு 2004இல் லாஜிடெக் எம்.எக்ஸ். 1000 வந்தது. லேசர், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. வெளிச்சமே தெரியாதது புது நாகரிகமாயிற்று, சிவப்பு வால் மலிவுச் சரக்கின் அடையாளமாயிற்று. அஜிலென்ட்டின் அந்தத் தொழில் 2005இல் அவாகோ என்று பெயர் மாறி, பிறகு தைவானின் பிக்ஸார்ட் கைக்குப் போனது. லைட் பைப் மட்டும் சாகவில்லை. இன்றைக்கும் ஹற்றனிலோ பதுளையிலோ மலிவாக ஒரு மவுஸ் வாங்கிக் கவிழ்த்துப் பாருங்கள், பெரும்பாலும் சிவப்பு எரியும். உள்ளே அந்தக் கட்டை இருக்கும்.

ஊருக்குத் திரும்பியபின் இந்தப் படிப்பெல்லாம் ஒரே ஒரு தடவைதான் உபயோகப்பட்டது. மடுல்சீமைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணினி அறை இருக்கிறது. தங்கச்சி மகன் அங்கே படிப்பிக்கிறான். "மாமா, பாதி மவுஸ் வேலை செய்யல, வந்து பாருங்க" என்று கூப்பிட்டான். போனேன். அம்பு ஒரு இடத்தில் நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது. கழற்றினால் தகட்டின் ஒரு கால் உடைந்து, யாரோ பையன் சூப்பர் குளூ வைத்து ஒட்டியிருக்கிறான். நல்ல ஒட்டு, கெட்டியான ஒட்டு. ஆனால் அந்தப் பசை பாலிகார்பனேட்டுக்கு ஆகாது. லென்ஸும் கட்டையும் பால் மூடினதுபோல் வெளுத்துப் போயிருந்தன. சென்சர் தயாரிக்கிறவர்கள் தங்கள் குறிப்பேட்டிலேயே இந்த ஒரு பசையைப் பெயர் சொல்லி விலக்கியிருப்பார்கள். அந்தக் குறிப்பேடு மடுல்சீமைக்கு எப்படி வரும்?

செத்த மவுஸ்களின் பெட்டியைக் கொட்டித் தகடு தேடினோம். ஒன்று பொருந்தியது ஆனால் வேலை செய்யவில்லை. வேறு சென்சருக்குச் செய்த உயரம். இன்னொன்று சரியாக உட்கார்ந்தது. மேசையில் வழுவழுப்பான ஃபோர்மைக்கா, அதில் இன்னும் அம்பு துள்ளிற்று. ஒரு பழைய கொப்பியின் மட்டையை அடியில் வைத்ததும் அடங்கியது.

சுற்றி நின்ற பிள்ளைகளில் ஒருத்தி, "சேர், லைட்ட நேரா வச்சா என்னா? ஏன் சுத்தி வளைச்சுக் கொண்டு போறீங்க?" என்று கேட்டாள். கொப்பி மட்டையைச் சன்னலோரம் கொண்டுபோய், கண் மட்டத்துக்குத் தூக்கி, வெயில் பக்கவாட்டில் விழும்படி பிடிக்கச் சொன்னேன். பார்த்தாள். பிறகு மட்டையை வெயிலுக்கு நேரே திருப்பிப் பார்த்தாள். "இப்ப ஒண்ணும் தெரியல சேர்." அதற்குள் மற்றவர்களும் தங்கள் கொப்பிகளோடு சன்னலுக்கு வந்துவிட்டார்கள். நேராக வைத்தாலும் சில பரப்புகளில் ஓடும், நிறம் மாறுகிற இடத்தை வைத்துச் சமாளிக்கும், வெள்ளைத்தாளில்தான் திணறும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்க அங்கே ஆள் இல்லை. மருமகன் பெட்டியிலிருந்து அடுத்த மவுஸை எடுத்து என் முன்னால் வைத்தான். "இதுல லைட்டே எரியல, மாமா."